ஷோ காஸ் லெட்டர்ல ‘கன்டெம்ப்ட்’னு போட்டிருக்கு, அப்படின்னா என்ன சார்?

கேள்வி: வணக்கம் சார். நான் சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு செம்பனை தோட்டத்துல ஆபீஸ் கிராணியா, கிளார்க்கு வேலையில இருக்கேன், ஒம்போது வருஷம் ஆச்சு. போன வாரம் காலைல வேலைக்கு ஆளுங்க கூடுற பெரட்டுல, புதுசா வந்த சின்ன தொரை, அதாவது உதவி மேனேஜர், முந்தின நாள் வெட்டுன குலை கணக்க தப்பா படிச்சாரு, ஒரு பீல்டு கணக்க இன்னொரு பீல்டுல சேத்துட்டாரு. நான் பக்கத்துல நின்ன கங்காணி மண்டோர்கிட்ட “இது கூடவா தெரியாது”ன்னு சொல்லி சிரிச்சேன், தொரை காதுல விழுந்துடுச்சு. இப்ப ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு விளக்கம் கேட்டு இங்கிலீஷ்ல ஷோ காஸ் லெட்டர் வந்திருக்கு, ‘யூ ஹேவ் ஷோன் கன்டெம்ப்ட் ஃபார் யுவர் சுப்பீரியர்’னு. அகராதில பாத்தா வெறுப்புன்னு போட்டிருக்கு, நான் அவர வெறுக்கவே இல்ல சார். எங்க அக்கா மவன் கன்டெம்ப்ட்னா கோர்ட்டு கேசு, உள்ள கூட போடுவாங்கன்னு சொல்றான். ரெண்டு நாளா தூக்கம் இல்ல. பதில் எழுதி வச்சிருக்கேன், ‘ஐ டோன்ட் ஹேட் ஹிம், ஐ ஏம் நாட் எ கன்டெம்ப்டிபிள் பெர்சன்’னு. சரியா இருக்கா? இன்னொண்ணு, அவரு என்னைய ஒரு நாளும் பேரு சொல்லி கூப்பிட்டதில்ல, ‘ஹேய் யூ’ தான். அதுக்கு என்ன வார்த்த? வர்ற வெள்ளிக்குள்ள பதில் குடுக்கணும்.

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த பதில குடுத்துடாதீங்க. அத அப்படியே மடிச்சு வச்சிட்டு இத முழுசா படிங்க. அப்புறம் போலீஸ், ஜெயில் பயத்த இப்பவே விட்ருங்க, அதுக்கும் உங்க லெட்டருக்கும் சம்பந்தமே இல்ல. நான் இருவத்தேழு வருஷம் ஈப்போ பக்கத்து கோர்ட்டுகள்ல மொழிபெயர்ப்பாளரா நின்னவன், இந்த வார்த்தைய தமிழ்லயும் மலாய்லயும் இங்கிலீஷ்லயும் எத்தனையோ தடவ வாயால சொல்லியிருக்கேன், அதனால தைரியமா சொல்றேன்.

உங்க அக்கா மவன் சொல்றது ‘கன்டெம்ப்ட் ஆஃப் கோர்ட்’. தமிழ்ல நீதிமன்ற அவமதிப்பு, மலாய்ல ‘மெங்ஹினா மஹ்காமா’. அது கோர்ட்டுக்குன்னு இருக்கிற தனி அதிகாரம். நம்ம மலேசியா அரசியல் சட்டத்துல 126வது பிரிவு அத ஃபெடரல் கோர்ட், அப்பீல் கோர்ட், ஹை கோர்ட்டுக்கு குடுக்குது. ஒரு தோட்டத்து மேனேஜருக்கோ சின்ன தொரைக்கோ அந்த மாதிரி எந்த அதிகாரமும் கெடையாது, அவங்க லெட்டர்ல அந்த வார்த்தைய போட்டதால அது கோர்ட்டு விவகாரமா ஆயிடாது. 2021 பிப்ரவரியில மலேசியாகினி செய்தித் தளத்துக்கு ஃபெடரல் கோர்ட் அஞ்சு லட்சம் ரிங்கிட் அபராதம் போட்டது ஞாபகம் இருக்கும், வாசகருங்க எழுதுன கமெண்டுக்காக. அங்க கோர்ட்டு, நீங்க நீதிபதிய வெறுக்கிறீங்களான்னு யாரையும் கேக்கல, அந்த வார்த்தைங்க வெளியாக நீங்க பொறுப்பான்னு தான் பாத்துச்சு. அதாவது சட்டத்துல கன்டெம்ப்ட்னா மனசுல இருக்கிற உணர்ச்சி இல்ல, கோர்ட்டோட மதிப்ப கெடுக்கிற காரியம். இங்கிலீஷ்லயும் கவனிங்க, கோர்ட்டுக்கு வரும்போது ‘ஆஃப்’, மனுஷனுக்கு வரும்போது பெரும்பாலும் ‘ஃபார்’. உங்க லெட்டர்ல ‘ஃபார் யுவர் சுப்பீரியர்’னு இருக்கு. அந்த சின்ன வார்த்தையே இது சாதாரண அர்த்தம் தான்னு காட்டிக் குடுக்குது.

இப்ப அந்த சாதாரண அர்த்தத்துக்கு வருவோம், இங்க தான் அகராதி உங்கள ஏமாத்திடுச்சு. கன்டெம்ப்ட்டுக்கு வெறுப்புன்னு போடுறது அரகொறையான பதில். வெறுக்கிறவன் எதிராளிய பெரிய ஆளா நெனைக்கிறான், பயப்படுறான், ராத்திரி எல்லாம் அவனையே நெனச்சிக்கிட்டு கெடக்கிறான். கன்டெம்ப்ட் உள்ளவனுக்கு எதிராளி ஒரு பொருட்டே இல்ல. எடை போட்டுப் பாத்துட்டு இவனுக்கு ஒரு கிலோ கூட தேறாதுன்னு தள்ளி வச்சிட்டு போறான். நம்ம பேச்சுல இதுக்கு அருமையான வார்த்த இருக்கு, இளக்காரம். “என்னைய பாத்தா அவனுக்கு இளக்காரமா போச்சு”ன்னு நம்ம வீட்டு பொம்பளைங்க சொல்றாங்களே, அத்தனையும் கன்டெம்ப்ட் தான். எழுத்துல வேணும்னா இகழ்ச்சின்னு போடலாம். ஏளனம்னு போட்டா அது வாய் விட்டு கிண்டல் பண்றதுக்கு தான் பொருந்தும், அலட்சியம்னா கவனக்கொறவுன்னு கூட ஆயிடும். இளக்காரம் தான் குறி தப்பாம நிக்குது.

“பழகப் பழகப் பாலும் புளிக்கும்”னு நாம சொல்றத இங்கிலீஷ்காரன் ‘ஃபெமிலியாரிட்டி பிரீட்ஸ் கன்டெம்ப்ட்’னு சொல்றான். அந்த கன்டெம்ப்ட்டுக்கு வெறுப்புன்னு அர்த்தம் வச்சி பாருங்க, சரியா உக்காராது. ரொம்ப பழகிட்டா மரியாத கொறஞ்சி போவுதுங்கிறது தான் அங்க சங்கதி.

இந்த வித்தியாசம் ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம்னா, வேலைக்கு சேந்த புதுசுல நானே இதுல தப்பு பண்ணிட்டேன். ஒரு அடிதடி கேசு. கூண்டுல நின்ன ஒரு பால்மரம் வெட்டுற பெரியவரு “அவரு என்னைய எப்பவும் இளக்காரமா தான் பாப்பாரு”ன்னு சொன்னாரு, நான் அவசரத்துல மலாய்ல ‘பென்ச்சி’ன்னு சொல்லிட்டேன். பென்ச்சின்னா வெறுப்பு. உடனே வக்கீலு எந்திரிச்சு, அப்ப உங்க ரெண்டு பேருக்கும் பகை இருந்துச்சு, அடிச்சதுக்கு காரணம் அது தானேன்னு புடிச்சிக்கிட்டாரு. பெரியவரு முழிச்சிக்கிட்டு நிக்கிறாரு, அவருக்கு பகையே கெடையாது, அவர ஒரு மனுஷனா மதிக்கலங்கிறது தான் அவரு சொன்னது. நான் எந்திரிச்சு மன்னிப்பு கேட்டு, ‘மெமாண்டாங் ரெண்டா’ன்னு திருத்தி சொல்லி, பதிவுல மாத்த வச்சேன். ஒரு வார்த்தையில அந்த மனுஷன் மேல பகைய ஏத்திட்டோமேன்னு அன்னிக்கு முழுக்க சோறு எறங்கல எனக்கு. அதனால தான் சொல்றேன், நீங்களா போய் ‘ஹேட்’ங்கிற வார்த்தைய உங்க பதில்ல எழுதாதீங்க. அவங்க எழுதாத ஒண்ண நீங்களே உள்ள கொண்டு வந்த மாதிரி ஆயிடும்.

மெமாண்டாங் ரெண்டான்னா தாழ்வா பாக்கிறதுன்னு உங்களுக்கே தெரியும். இங்கிலீஷ்ல ‘டிஸ்பைஸ்’னு ஒரு வார்த்த இருக்கு, அதோட லத்தீன் வேரும் இதே தான், மேலேருந்து கீழ பாக்கிறது. நாமளும் “கீழா பாக்கிறான்”னு தான சொல்றோம். மூணு மொழிக்காரனும் ஒருத்தன மதிக்காதத கண்ண வச்சி தான் சொல்லியிருக்கான், இதெல்லாம் பாக்கும்போது இந்த வேல கெடச்சதுக்கு நான் சந்தோஷப்பட்டிருக்கேன். டிஸ்பைஸ் வினைச்சொல். கன்டெம்ப்ட்ட இன்னிக்கு இங்கிலீஷ்ல வினைச்சொல்லா யாரும் போடறதில்ல, ‘ஹீ கன்டெம்ப்ட்டட் மீ’ன்னு எழுதுனா தப்பு, நெறய பேரு எழுதறாங்க. ‘ஹீ ட்ரீட்டட் மீ வித் கன்டெம்ப்ட்’, ‘ஹீ ஹெல்ட் மீ இன் கன்டெம்ப்ட்’, இப்படித்தான் வரணும். சொல்லும்போது அழுத்தம் ரெண்டாவது அசையில, கன்-டெம்ப்ட், அந்த ‘ப்’ பாதி முழுங்குன மாதிரி வரும்.

அடுத்தது ‘டிஸ்டெய்ன்’, இது கன்டெம்ப்ட்டுக்கு பங்காளி. இதோட வேரு தகுதிங்கிற லத்தீன் வார்த்த, அதே வேர்ல தான் டிக்னிட்டியும் மொளச்சிருக்கு. தன் தகுதிக்கு இது ஆகாதுன்னு மூஞ்ச திருப்பிக்கிறது டிஸ்டெய்ன். மேல உக்காந்திருக்கிறவனுக்கு தான் அது நல்லா பொருந்தும். கன்டெம்ப்ட் அப்படி இல்ல, கீழ இருக்கிறவனுக்கும் மேல இருக்கிறவன் மேல வரலாம், அதனால தான் ஒரு கிராணி மேல அந்த வார்த்தைய எழுத முடிஞ்சிருக்கு. ‘ஸ்கார்ன்’ங்கிறது இன்னும் காரம், வாய் வார்த்தையா வெளிய வந்து அடிக்கிற இளக்காரம்.

இப்ப உங்க பதில்ல இருக்கிற பெரிய ஆபத்து. ‘கன்டெம்ப்டிபிள்’னு எழுதியிருக்கீங்க. அதுக்கு அர்த்தம் இளக்காரப்படுத்த தகுதியானவன், கேவலமானவன். நீங்க சொல்ல வந்தது ‘கன்டெம்ப்சுவஸ்’, அதாவது அடுத்தவங்கள இளக்காரமா நெனைக்கிற ஆளு. ஒரே வீட்டு ரெண்டு புள்ளைங்க, ஆனா ஒருத்தன் அடிக்கிறவன், ஒருத்தன் அடி வாங்குறவன். “நான் கேவலமான பொம்பள இல்ல”ன்னு நீங்க ஆபீஸுக்கு எழுதி குடுத்தா எப்படி இருக்கும்! உங்கள அப்படி யாரும் சொல்லலையே தங்கச்சி, நீங்க ஏன் அத மறுக்கணும்? மனசுல நிக்கிறதுக்கு ஒண்ணு சொல்றேன், 1914ல மொத உலகப்போர் தொடங்குனப்ப ஜெர்மன் கைசர் பிரிட்டிஷ்காரன் படைய ‘கன்டெம்ப்டிபிள்’னு சொன்னதா ஒரு பேச்சு பரவுச்சு. அவரு நெசமா சொன்னாரான்னு ஆதாரம் கெடைக்கல, ஆனா அந்த சிப்பாய்ங்களே ரோஷத்துல அத பேரா வச்சிக்கிட்டாங்க, ‘ஓல்ட் கன்டெம்ப்டிபிள்ஸ்’னு. கேவலம்னு சொல்லப்பட்டவன் கன்டெம்ப்டிபிள், சொன்னவன் கன்டெம்ப்சுவஸ், இத வச்சி பிரிச்சிக்கோங்க.

சரி, இனிமே கொஞ்சம் கஷ்டமான விஷயம். உங்க மனசு நோவும்னு தெரியும், ஆனா உண்மைய சொல்லலன்னா நான் உங்களுக்கு ஆலோசன சொல்லி பிரயோஜனம் இல்ல. “சும்மா சிரிச்சேன்”னு பதில்ல எழுதலாம்னு கூட உங்களுக்கு தோணும். சிரிப்புல சும்மாங்கிறதே கெடையாதும்மா. அஞ்சாம் பாரத்துல எஸ்பிஎம் பரீட்சைக்கு தமிழ் இலக்கியம் எடுத்தப்ப எங்க வாத்தியாரு தொல்காப்பியத்துல ஒரு வரி சொல்லி குடுத்தாரு, சிரிப்பு எங்கேருந்தெல்லாம் பொறக்குதுன்னு நாலு எடத்த சொல்லும், “எள்ளல் இளமை பேதைமை மடன்”னு. மொதல்ல வர்றதே எள்ளல், அடுத்தவன மட்டமா நெனச்சு சிரிக்கிறது. மத்தது கொழந்த மாதிரி சிரிக்கிறது, அறியாம சிரிக்கிறது, அப்படி. நீங்க மண்டோர் பக்கம் திரும்பி “இது கூடவா தெரியாது”ன்னு சொல்லிட்டு சிரிச்சது எந்த வகைன்னு உங்களுக்கே தெரியும். முகம் கூட காட்டிக் குடுத்துடும். 1986ல பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க, கோபம் சோகம் எல்லாம் முகத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணா தெரியுது, கன்டெம்ப்ட் மட்டும் ஒரு பக்க உதட்டு ஓரம் இறுகி மேல ஏறுறதுல தெரியுதுன்னு எழுதுனாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தானான்னு அதுக்கப்புறம் நெறய வாதம் நடந்திருக்கு, ஆனா கூண்டுல நிக்கிறவங்க முகத்த இத்தன வருஷம் பக்கத்துல நின்னு பாத்தவன் நான், அந்த ஒரு பக்க உதட்ட நல்லாவே தெரியும் எனக்கு.

அந்த சின்ன தொரை வயசு கம்மின்னு தோணுது, எங்கேயோ டவுன்லேருந்து வந்திருப்பாரு. பீல்டு நம்பரு மண்டையில ஏற மாசக்கணக்கு ஆவும், ஒம்போது வருஷம் ஆளுங்க வேலைக் கணக்கு செக்ரோல் எழுதுன உங்களுக்கு அது தண்ணி பட்ட பாடு. ஆளுங்க எல்லாம் வரிசையா நிக்கிற பெரட்டு களத்துல, எல்லாரு முன்னாடியும் அந்த சிரிப்பு அவரு மேல விழுந்திருக்கு. தப்பு கணக்க திருத்தணும், அது உங்க வேல தான், ஆபீஸுக்குள்ள போய் “சார், பீல்டு மாறிடுச்சு”ன்னு சொல்லியிருந்தா போதும். நீங்க நல்ல கிராணின்னு உங்க லெட்டர படிச்சாலே தெரியுது, அதனால தான் இத உங்ககிட்ட மறைக்காம சொல்றேன்.

ஆனா அதுக்காக அவங்க போட்ட வார்த்தைய அப்படியே ஒத்துக்கணும்னு இல்ல. சிரிச்சது நடந்த காரியம், நாலு பேரு பாத்தாங்க. கன்டெம்ப்ட்ங்கிறது அந்த காரியத்த வச்சி உங்க மனச பத்தி அவங்க பண்ற முடிவு. காரியத்த ஒத்துக்கோங்க, அந்த முடிவ மறுங்க. ஒரு தடவ சிரிச்சத வச்சி, இந்த ஆளுக்கு மேலதிகாரி மேல மதிப்பே இல்லன்னு சொல்றது ரொம்ப பெரிய குத்தச்சாட்டு. இந்த ஒம்போது வருஷத்துல வேற எந்த புகாரும் உங்க மேல இல்லன்னா அதையும் ஒரு வரி எழுதுங்க.

பதில் சின்னதா இருக்கட்டும். எந்த தேதி, பெரட்டுல என்ன நடந்துச்சு, நீங்க சொன்ன வார்த்த என்ன, அத தமிழ்ல சொன்னபடியே எழுதி பக்கத்துல இங்கிலீஷ்ல அர்த்தம் போடுங்க, ஏன்னா அவரு காதுல விழுந்தது வேற மாதிரி இருந்திருக்கலாம். அப்புறம் ‘ஐ ரிக்ரெட் லாஃபிங் இன் ஃப்ரன்ட் ஆஃப் தி வொர்க்கர்ஸ்’னு ஒரு வரி. அடுத்து ‘ஐ டினை தட் ஐ ஹோல்ட் ஹிம் இன் கன்டெம்ப்ட்’னு ஒரு வரி. வருத்தம் முன்னால வரட்டும், மறுப்பு பின்னால. மாத்தி போட்டா சண்ட போடுற தொனி வந்துடும். கையெழுத்து போட்டு முடிச்சிடுங்க, குடும்ப கஷ்டம், சாமி சத்தியம் எல்லாம் வேணாம்.

வேல போயிடுமோன்னு பயப்படுறீங்கன்னு புரியுது. நான் வக்கீல் இல்ல, ஆனா 1955 வேலை சட்டத்துல 14வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, தப்பு நடத்தைக்காக ஒருத்தர வேலைய விட்டு அனுப்பணும்னா மொதல்ல மொறயா விசாரிக்கணும்னு சொல்லுது. விசாரணைக்காக வேலைலேருந்து நிறுத்தி வச்சாலும் ரெண்டு வாரத்துக்கு மேல நிறுத்த முடியாது, அந்த நாளுக்கு பாதி சம்பளத்துக்கு கொறையாம குடுக்கணும், தப்பு நிரூபணம் ஆகலன்னா மீதியும் குடுக்கணும். அதுக்கும் மேல போய் வேலைய விட்டே எடுத்துட்டாங்கன்னா, 60 நாளுக்குள்ள திரும்ப வேல கேட்டு தொழில் உறவு இலாகாவுல புகார் குடுக்கலாம். ஒரு சிரிப்புக்கு அவ்வளவு தூரம் போவும்னு நான் நெனைக்கல. இருந்தாலும் தோட்டத்து ஸ்டாஃப் யூனியன்ல நீங்க மெம்பரா இருந்தா, பதில குடுக்கிறதுக்கு முன்னாடி அவங்கள ஒரு தடவ படிக்க சொல்லுங்க.

கடைசியா நீங்க கேட்ட அந்த ‘ஹேய் யூ’. இத நீங்க கடைசி வரியில போட்டிருந்தாலும் உங்க மனசுல மொதல்ல இருந்தது இது தான்னு எனக்கு படுது. பேரு தெரிஞ்சும் தெனமும் ஒருத்தர பேரு சொல்லாம கூப்பிடறதுக்கு இங்கிலீஷ்ல சரியான வார்த்த ‘டிஸ்டெய்ன்ஃபுல்’. மேலேருந்து கீழ வர்றது அது. திட்டுனா தான் இளக்காரம்னு நாம நெனச்சிக்கிட்டு இருக்கோம், திட்டவே வேணாம். 1941ல கிள்ளான் பக்கம் தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் முன்ன நின்னு நடத்துன தோட்டத்து வேலைநிறுத்தத்த எடுத்துக்கோங்க, சம்பள உயர்வு கேட்டாங்க, கள்ளுக்கடைய மூட சொன்னாங்க, அதோட சேத்து கேட்டது என்ன தெரியுமா, தொரைமார பாத்தா தொழிலாளி சைக்கிள்லேருந்து எறங்கணுங்கிற வழக்கத்த எடுக்கணும்னு. அந்த சைக்கிள் வழக்கத்துல திட்டும் இல்ல, அடியும் இல்ல. எறங்கி நின்னு அவரு போனதும் ஏறிப் போவணும், அவ்வளவு தான். ஆனா அந்த ஜனங்களுக்கு அது சம்பளத்துக்கு சமமா வலிச்சிருக்கு. எங்க தாத்தா காலத்து ஆளுங்க அவங்க. உங்களுக்கு ‘ஹேய் யூ’ வலிக்குதுன்னா அது ஞாயமான வலி, அத நான் சின்ன விஷயம்னு சொல்ல மாட்டேன்.

ஆனா இத இந்த பதில் லெட்டர்ல சேக்காதீங்க. சேத்தா, தான் பண்ணத மறைக்க அவர் மேல பழிய போடுறாங்கன்னு தான் படிக்கிறவங்களுக்கு தோணும், ரெண்டு விஷயமும் கெட்டுடும். இந்த விவகாரம் முடியட்டும். அப்புறம் அவரையே நேர்ல பாத்து, தனியா, “சார், என் பேரு சொல்லி கூப்பிடுங்க, உங்களுக்கு பீல்டு கணக்குல ஏதாவது சந்தேகம்னா என்னைய கேளுங்க”ன்னு சொல்லி பாருங்க. அதுக்கப்புறமும் மாறலன்னா தேதி போட்டு எழுதி வச்சிக்கிட்டு பெரிய தொரைக்கு தனி லெட்டரா குடுங்க, அதுல ‘டிஸ்டெய்ன்’னு கூட எழுத வேணாம், “மூணு மாசமா என் பேரு சொல்லி கூப்பிடல”ன்னு நடந்தத மட்டும் எழுதுங்க. அவங்க உங்க மனச முடிவு பண்ணுனா நாம மறுக்கிறோம்ல, அதே மாதிரி அவரு மனச நாம முடிவு பண்ண வேணாம்.

வெள்ளிக்கெழம வரைக்கும் காத்திருக்காதீங்க, வியாழனே குடுத்துடுங்க. ரெண்டு காப்பி எடுத்துட்டு போங்க, ஒண்ணுல ஆபீஸ் முத்திரை சாப்பு, தேதி, வாங்குனவங்க கையெழுத்து மூணும் இருக்கான்னு பாத்துட்டு அத வீட்டுல பத்திரமா வைங்க.